மெத்தைக்குள் போன மேகம்

“ஆவியா மேல போற தண்ணி மழையாத் திரும்பி வருதுன்னு டீச்சர் சொல்றாங்க. நடுவுல எங்கியாவது மாட்டிக்கிட்டா?” என்று, தருமபுரியில் மெத்தை தைத்த அப்துல் சுபானின் மகள் அக்தர் பேகம் 1983 ஆடியில் கேட்டாள். அந்த வாரமே மாட்டிக்கொண்டது. வத்தல்மலைக்குப் போக வேண்டிய சிறிய மேகம் ஒன்று, சுபான் வில்லால் பஞ்சடித்துக்கொண்டிருந்த முற்றத்தில் இறங்கியது. வெள்ளையோடு வெள்ளையாக அதையும் அள்ளித் திணித்துத் தைத்துவிட்டார்.

ஆவணியில் அந்த மெத்தை அதியமான்கோட்டை மாரியப்பனுக்குக் கல்யாணச் சீராகப் போனது. தினமும் விடிந்தால் மெத்தை ஈரம். புதுப்பெண் சின்னக்கா அதை வாசல் சுவரில் காயப்போடுவாள். வெயில் ஏற ஏற நீர் ஆவியாகி வீட்டு ஓட்டுக்கு மேல் வெண்மையாகத் திரண்டு நிற்கும். விளக்கு வைத்ததும் மெத்தைக்கே திரும்பிவிடும். ஊர் மேலே பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தது. “மாப்பிள்ளைக்கு இன்னும் தொட்டில் பழக்கம் போவுலீங்களா?” என்று கிணற்றடியில் சிரித்தார்கள். வைத்தியர் எள்ளும் வெல்லமும் கொடுத்தார். வத்தல்மலையில் ஒரு மேகம் குறைந்து சாமைப் பயிர் வாடியது.

“மெத்தையில கோளாறுன்னு சொல்லுங்களேன்” என்றாள் சின்னக்கா.

“சொன்னா சுபான் பாய்கிட்ட அப்புறம் யாரு வாங்குவா? அவரும் புள்ளகுட்டிக்காரரு. பழி எம்மேலயே இருந்துட்டுப் போவுது” என்றான் மாரியப்பன்.

மாமனார் வெங்கடாசலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. “வர்ற சந்தைக்குள்ள நிக்கலீன்னா எம்புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்” என்றார்.

“நனையறது நானுங்கப்பா. உங்களுக்கு ஏன் தும்மலு?” என்றாள் மகள்.

அடுத்த வீட்டுச் சென்னப்பன் இவ்வளவையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு, சுபான் கடையில் வந்து சொல்லிச் சிரித்தார். சுபான் சிரிக்கவில்லை. பஞ்சடித்த அன்று முற்றம் புகைமூட்டமாக இருந்ததும், அதற்குப் பிறகு வத்தல்மலையில் மழை குறைந்ததும் நினைவுக்கு வந்தன. அதே கோடுபோட்ட துணியில் இன்னொரு மெத்தை தைத்தார். சந்தையன்று ஊர் காலியானதும், வெயில் ஏறுமுன், அதைச் சுவரில் போட்டுவிட்டு ஈரமெத்தையைச் சைக்கிளில் கட்டினார்.

மறுநாள் காய்ந்த மெத்தையைக் கண்டு வெங்கடாசலம் முனியப்பனுக்குச் சேவல் அறுத்துவிட்டு, மகளை அங்கேயே விட்டுப் போனார். வைத்தியர் எள்ளின் விலையை ஏற்றினார். சுபான் யாரையும் திருத்தவில்லை.

ஆனால் அது மறுநாள். சந்தையன்று நடுப்பகலில், மாரியப்பனுக்குப் பட்ட கடன் தீர்ந்து புது மெத்தையாகச் சுவரில் கிடக்க, மலைக்குப் பட்டது மட்டும் மிச்சமிருந்தது. வத்தல்மலை அடிவாரத்தில், ஆடுகள்கூட இல்லாத ஒரு பாறையில், சுபான் பிஸ்மில்லா சொல்லித் தையலைப் பிரித்தார். மேகம் சற்றுக் கசங்கியிருந்தது. கையால் நீவிவிட்டார். அது மேலேறிச் சாமைக் காட்டில் பெய்ய ஆரம்பித்ததும், நனைந்த பஞ்சைப் பிழிந்து கட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.