ஒன்பதுக்குத் தெரியாதது

அக்காவின் எண் 53281726. நான்கு நாளாக அதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மார்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு எங்கள் லேபுக்குத்தான் வந்திருந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதி அனுப்புவார். சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், ஆட்களுக்குப் போன் போட்டுச் சொல்வதும் என் வேலை.

எண் தப்பிவிடக் கூடாதென்று நானே ஒரு ஏற்பாடு கொண்டுவந்திருந்தேன். இலக்கங்களையெல்லாம் கூட்டி, வந்ததையும் கூட்டி, ஒற்றை இலக்கமாக்கிச் சீட்டின் மூலையில் எழுத வேண்டும். அக்காவின் எண்ணுக்கு 34, அதிலிருந்து 7. ஏற்றிய எண்ணுக்கும் அதே வந்தால் சரி. லேபில் எனக்குக் 'கூட்டல் டீச்சர்' என்று பட்டப்பெயர். கிண்டல் செய்தவர்களும் மூலையில் எழுதத்தான் செய்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்று காலையில் அக்காவின் சீட்டு வந்தது. புற்றுநோய் இல்லை. மூலையில் 7. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், அத்தான் இரண்டு பேரையும் கேலி செய்தார்.

மதியம் இன்னொரு சீட்டை ஏற்றினேன். இந்த எண்ணுக்கு ஏற்கெனவே முடிவு கொடுத்தாயிற்று என்றது கம்ப்யூட்டர். சீட்டைப் பார்த்தேன். 53281726. புற்றுநோய் உண்டு.

காலைச் சீட்டைத் தேடி எடுத்தேன். 53281762. நான்கு நாளாகக் காத்துக் கிடந்த கண், 62ஐ 26 என்று படித்திருக்கிறது. மூலையிலோ அதே 7. வராமல் என்ன செய்யும்? இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றையாக்குவது, ஒன்பதால் வகுத்து மிச்சம் பார்ப்பதுதான். பத்தோ, நூறோ, கோடியோ, ஒன்பதால் வகுத்தால் மிச்சம் ஒன்றுதான். எந்த இலக்கம் எங்கே போய் நின்றாலும் ஒன்பது கண்டுகொள்ளாது. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 36, அதுவும் ஒன்பதில் மீதியில்லாமல் போகிறது. இதெல்லாம் தெரியாதவளா நான்? தெரிந்தும் யோசிக்கவில்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை. இரண்டு பேரின் துணுக்கையும் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு தாளில், கடைசி இலக்கத்திலிருந்து கூட்டி, கழித்து, கூட்டி, கழித்து, பதினொன்றுக்கு மிச்சம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு 3, மற்றதற்கு 6. பதினொன்று காட்டிக்கொடுத்திருக்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். டாக்டர் நிமிர்ந்தார்.

"சீட்டுல எழுதியிருக்கிறதுதாம்மா சரி."

அக்காவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த இன்னொரு ஆள் யார் என்று அவள் கேட்டாள். யாரென்று பார்க்கவில்லை, அவருக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"அவங்களுக்குச் சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"மொதல்ல அதைச் செய். நான் எங்கயும் போயிடல."

வைத்துவிட்டாள். நான் 62க்கு உரியவரின் போன் எண்ணைப் போட்டேன். ஒரு பெண், முதல் மணியிலேயே எடுத்தார். காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவே இல்லையாம். முடிவைச் சொன்னதும் யாரையோ கூப்பிட்டுச் சொல்லி, சிரித்து, அழுது, மறுபடி என்னிடம் வந்தார்.

"உங்க வாய்க்குச் சர்க்கரைதாம்மா போடணும். உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் இந்த மாதிரி வரக்கூடாது."

சரிம்மா என்றேன்.