பேப்பரில் வந்த கல்லூரி

என் கணவர் டீ கிளாஸைப் பெரிய கல்லூரியின் கடிதத்தின் மேல் வைத்தார்.

"அப்பா! அதுல தங்க முத்திரை இருக்கு!" என்று மகள் கத்தினாள்.

"அதான் வைச்சேன். தாள் நல்ல தடிமன். சூடு மேசைக்கு இறங்காது."

பக்கத்தில் சின்னக் கல்லூரியின் கடிதம் மெல்லிய தாளில் மடிந்து கிடந்தது. அதைத் தட்டிக் காட்டி, "சாயங்காலம் வந்ததும் இதுக்குச் சரின்னு எழுதிப் போட்டுடுவோம்" என்றார். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பதினொரு மணிக்கு, ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். கூட வேலை செய்பவர் போனில் "அண்ணி" என்றார். போனை வேறொருவர் வாங்கி, உயிர் போய்விட்டது என்றார்.

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மகளுக்கும் அதே பைத்தியம். இரண்டு கல்லூரிகளையும் மூவரும் நேரில் போய்ப் பார்த்திருந்தோம். பெரிய கல்லூரியில் இயந்திரங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. அவளுக்கு அங்கே கிடைத்தது நிர்வாகப் படிப்பு. இயந்திரவியலுக்கு மாற முடியுமா என்று கேட்டதற்கு, "இங்க இடம் கிடைச்சதே பெரிசு. இதுல மாத்தி வேற வேணுமா?" என்றார் அலுவலர்.

சின்னக் கல்லூரியில், கையெல்லாம் கிரீஸோடு வந்த ஒரு பேராசிரியை, "இந்தக் கப்பி ஏன் கத்துதுன்னு சொல்லு, பாப்போம்" என்று மகளைப் பட்டறைக்குள் அழைத்துப் போனார். நாங்கள் ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தவள், "கப்பி மேல தப்பில்லப்பா, பேரிங் தேஞ்சிருக்கு" என்றாள். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தப் படிக்கட்டிலேயே முடிவாகிவிட்டது.

இறந்த மூன்றாம் நாள் காலை, அவருடைய அண்ணன் செய்தித்தாளோடு வந்தார். இரங்கல் அறிவிப்பை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் பட்டமோ பதவியோ வால் மாதிரி தொங்கியது. அண்ணன், முதுநிலை மேலாளர். அண்ணன் மகன், மருத்துவர். இறந்தவரைப் பொறியாளர் ஆக்கியிருந்தார். மகள், பெரிய கல்லூரி மாணவி. என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பதினான்கு வருடமாக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அது வாலுக்குத் தேறவில்லை போலும்.

"அத்தான், அவ அங்க சேரலையே" என்றேன்.

"சேரத்தானே போறா. பேப்பர்லயே வந்துடுச்சும்மா. காலையிலேர்ந்து நாலு பேர் போன் பண்ணி வாழ்த்திட்டாங்க."

"சாவுக்கா?"

அவர் பேப்பரை மடித்து என் பக்கம் நகர்த்தினார். அவர் மனைவி என் தோளில் கை வைத்தாள். "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க, அப்பா என்ன வேலை பாத்தாருன்னு கேப்பாங்க. லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட்டாருன்னா சொல்லுவே? காலேஜ் பேரு அதை மூடிடும்டி."

"தம்பி ஆசையும் அதுதான். என்கிட்டயே சொன்னான்" என்றார் அண்ணன். இருவரும் பேசி மூன்று மாதமாகியிருந்தது.

மகள் எழுந்தாள். "அப்பா அந்த லெட்டர் மேல டீ கிளாஸைத்தான் வைச்சாரு, பெரியப்பா."

"பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதே. துக்கத்துல இருக்கீங்க, நீங்க எதையும் யோசிக்க வேணாம். நாங்க பாத்துக்குறோம்."

சொல்லிக்கொண்டே பெரிய கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தை விரித்தார். எல்லாம் நிரப்பியிருந்தது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய கட்டத்தில் அவர் கையெழுத்து, அடிக்கோட்டோடு. கீழே மகள் போட வேண்டிய இடம் மட்டும் பாக்கி. பேனாவை அவளிடம் நீட்டினார்.

நான் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தேன். "அத்தான், இந்த இடத்துல உங்க கையெழுத்து எதுக்கு? செத்தது அவரு. நான் இல்ல."

துக்கம் கேட்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். சின்னக் கல்லூரியின் மெல்லிய தாளை எடுத்து, அங்கேயே, அத்தனை பேர் முன்னால் என் கையெழுத்தைப் போட்டு மகளிடம் கொடுத்தேன். அவளும் போட்டாள். எழுத்துக் கோணல்தான்.

"புருஷன் போய் மூணு நாள் ஆகல, அதுக்குள்ள வாயைப் பாரு" என்றாள் அவர் மனைவி.

"நாளைக்கு அழுதுக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்காதே" என்றார் அவர். நான் போகவில்லை. அவரும் வரவில்லை.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு. எந்தக் கல்லூரி என்று கேட்கிறவர்களுக்குப் பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறை கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றையே சொல்கிறார்கள்: "பாவம், என்ன பண்றது. அப்பா இருந்திருந்தா நல்ல காலேஜ்ல சேர்த்திருப்பாரு."