பெரிய தெருவில் ஆறடித் தண்ணீர்

புயல் கரையைக் கடக்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கிய ஃபிளெக்ஸ் வரைபடத்தை நம்பினால், அதற்குள் பெரிய தெரு மொத்தமும் மூட்டை கட்டியாக வேண்டும்.

வரைபடத்தைச் செய்தது ஒன்பதாம் வகுப்பு. செய்ய வைத்தது இளவரசி. புவியியல் படித்துவிட்டு, உத்திரமேரூர் பக்கத்தில் பிறந்த ஊர்ப் பள்ளிக்கே தற்காலிக ஆசிரியையாக வந்தவள். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவதற்குள் அவள் குரல் பாதியாகிவிடும். பிள்ளைகளிடம் ஃபோனைக் கொடுத்து, 2015 மழையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று வீடுவீடாகக் கேட்டு, வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொன்னாள். தண்ணீர் நின்ற இடம் நீலம், நிற்காத இடம் பச்சை. பாடமும் ஆயிற்று, பேரிடர் முன்னேற்பாடும் ஆயிற்று என்று மேலே இருப்பவர்கள் பூரித்துப்போய் ஃபிளெக்ஸ் அடித்துத் தந்தார்கள். அதில் ஊராட்சித் தலைவர் தமிழ்வாணனின் படம் ஏரியைவிடப் பெரிதாக இருந்தது.

ஊரிலேயே மேடான பெரிய தெரு முழுக்க நீலம். ஏரியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் முப்பத்திரண்டு இருளர் வீடுகள், அதாவது ஏரிக்கரை நகர், பச்சைப்பசேல்.

காரணம் எளிது. கையில் ஃபோனோடு யாராவது வந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டால், பெரிய தெருவுக்கு நிவாரணம் ஞாபகம் வரும். தமிழ்வாணன் காலண்டர் ஆணியைக் காட்டி, "இதுவரைக்கும் வந்துச்சு, எழுதிக்கோ" என்றார். ஆண்டாளம்மாள் வீட்டில் ஆறடி, பரண்மேல் விரால் மீன். அடுத்த வீட்டுக்காரர் அவளுக்குக் குறைந்துவிடக் கூடாதென்று ஆறரை சொன்னார். ஏரிக்கரை நகருக்கோ அதே கேள்வியில் ஆக்கிரமிப்பு அகற்றம் ஞாபகம் வந்தது. "தண்ணியா? குடிக்கவே இல்ல, போ கண்ணு" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

உயரத்தை ஃபோனே அளக்கும் என்று இளவரசி அதையும் முயன்று பார்த்தாள். ஏரிக்கரை நகரில் நின்றபோது கடல் மட்டத்திலிருந்து அறுபத்துநாலு மீட்டர் என்றது. அதே இடத்தில் ஒரு மாடு கடந்துபோன பிறகு எண்பத்தொன்று என்றது.

நீலமும் பச்சையும் தலைகீழாக இருப்பதைத் தலைமையாசிரியர் வேதகிரியிடம் அப்போதே முனகினாள்.

"ஃபிளெக்ஸ் அடிச்சாச்சேம்மா" என்றார் அவர்.

இப்போது அந்த ஃபிளெக்ஸ் உத்தரவாகியிருந்தது. பெரிய தெருவின் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் ஏரிக்கரை நகரின் புது அங்கன்வாடிக் கட்டடத்துக்குப் போக வேண்டும். ஏரிக்கரை நகர்க்காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அது பாதுகாப்பான பகுதி.

இளவரசி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை நகருக்குப் போனாள். அங்கே குடியிருக்கும் பச்சையம்மாள் களைவெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மழையில நெசமாவே தண்ணி வரலியா?"

"ஃபோன உள்ள வை."

இளவரசி பைக்குள் போட்டாள்.

"கழுத்து வரைக்கும் வந்துச்சு. என் கழுத்து இல்ல, எங்கூட்டுக்காரர் கழுத்து. ரெண்டு நாளு புளியமரத்துல குந்திக்கினு இருந்தோம். கீய ஆடு மெதந்துக்கினு போவுது, எங்க மாமியாரு மேல இருந்து அது பேரச் சொல்லிக் கூப்டுது."

"நாளைக்கு ஆர்ஐ சார் வராரு. அவராண்ட இத்தச் சொல்லுங்கக்கா."

"இன்னாத்த சொல்றது? தண்ணி வருதுன்னு சொன்னா, ஏரியிலதான் கீறீங்க, எடத்தக் காலி பண்ணுங்கம்பாங்க. வரலன்னு சொன்னா முழுவணும். முழுவுறது ரெண்டு நாளு டீச்சர். காலி பண்ணா காலத்துக்கும் போச்சு. நீயும் எங்க பேர்ல எதனா எழுதி வெக்காத."

"எழுதல. அன்னிக்கு மரத்துல ஏறாம மேட்டுக்கு வந்திருக்கலாமேக்கா?"

"வந்தோம். பள்ளிக்கூடத்தாண்ட வந்து..." பச்சையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "அத்த வுடு. பழைய கதை."

அந்தக் கதை இளவரசிக்கும் தெரியும். அதனால் மேலே கேட்கவில்லை.

வீட்டில் அப்பா கன்னியப்பன் டிவியில் புயலின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் தலைவர். வேறு யாரும் கேட்டதில்லை.

"நைனா, நம்ம வூட்ல நாலடின்னு சொல்லிக்கீறே. நமக்கு வாசப்படிகூட தாண்டல."

"தாண்டல. தாண்டியிருக்கலாம் இல்ல?"

"அந்த ஜனங்க முழுவிடுவாங்க நைனா."

"அவங்களே தண்ணி வரலன்னுட்டாங்க. உனுக்கு இன்னா பேஜாரு?"

"நாளைக்கு நீயாவது எழுந்து சொல்லு. நமக்கு வரலன்னு."

"தலைவரு ஆணியக் காட்டிக்கீறாரு. நான் எழுந்து ஆணியப் புடுங்கறதா? போயி துன்னு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். இருபத்தாறு மணி நேரம் மிச்சம். ஆர்ஐ, அதாவது வருவாய் ஆய்வாளர், ஸ்ரீகாந்த் ஊருக்குப் புதியவர், சட்டையில் மடிப்புக் கலையாத இளைஞர். உத்திரமேரூர் வட்டாரத்தில் மைக்கைப் பிடிக்கும் எவரும் குடவோலைக் கல்வெட்டைத் தொடாமல் கீழே வைப்பதில்லை. அவரும் தொட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கணக்குக் காட்டாதவனைத் தேர்தலில் நிற்கவிடாத ஊர் என்றார். தமிழ்வாணன் தண்ணீர் குடித்தார்.

"டெம்போ பதினோரு மணிக்கு வரும். பெரிய தெருவுல இருந்து முதல்ல ஆண்டாளம்மாள்" என்றார் ஸ்ரீகாந்த்.

"நான் வரல. என் வூட்லயே முழுவிக்கிறேன்" என்றாள் ஆண்டாளம்மாள்.

"உங்க வீட்ல ஆறடின்னு நீங்களேதானம்மா சொல்லியிருக்கீங்க?"

"எனுக்கு நீச்சல் தெரியும்."

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். ஏரிக்குள் போய்ப் படுக்க யாருக்கும் விருப்பமில்லை. ஏன் என்று சொல்லவும் வாயில்லை. சொன்னால் ஆணி பொய், விரால் பொய். ஏரிக்கரை நகர்ப் பெண்கள் வாசலோரம் நின்றார்கள். பச்சையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் வீட்டுக்காவது தண்ணி வரலைன்னா இப்பவே சொல்லுங்க. இடத்த மாத்திடலாம்" என்றார் ஸ்ரீகாந்த்.

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

இளவரசி எழுந்தாள்.

"எங்க வூட்டுக்கு வரல சார்."

"சத்தமா, மேடம்."

"எங்க வூட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல. பெரிய தெருவுல யாருக்குமே வரல."

தமிழ்வாணன் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் ஃபிளெக்ஸைப் படித்தார், முதல்முறை பார்ப்பவர் போல.

ஆண்டாளம்மாள், "பரண்ல மீனு மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப ஸ்கூல்?" என்றார் ஸ்ரீகாந்த்.

"காஞ்சி கெடந்துச்சு சார்."

அவர் பேனாவை மூடினார். "மேட்டுல அவ்வளவு பெரிய கட்டடம் காஞ்சி கெடந்திருக்கு. அந்த மழையில ஏன் யாரும் அங்க தங்கல?"

"ஒக்காரும்மா" என்றார் கன்னியப்பன், மெதுவாக.

அவள் உட்காரவில்லை. ஏரி என்ற சொல்லை எடுக்காமல் சொல்ல வேண்டும். வாசலோரம் பார்த்தாள். பச்சையம்மாள் இப்போது நிமிர்ந்திருந்தாள்.

"கூரை ஒழுவுதுன்னு பச்சையம்மாக்கா கொழந்தைங்களக் கூட்டிக்கினு எங்க வூட்டாண்ட வந்தாங்க சார். ஸ்கூல் சாவி கேட்டாங்க. சாவி எங்க வூட்லதான் இருந்துச்சு. நைனா உள்ளதான் இருந்தாரு. இல்லன்னு சொல்லிட்டு வரச்சொன்னாரு."

"யார?"

"என்னத்தான் சார். அப்ப எனக்கு பதினாலு வயசு. சாவி இல்லன்னு அவங்களத் திருப்பி அனுப்பினது நான்தான்."