நல்லதம்பி கிணற்றுக்கு வந்த கடல்

1998ஆம் வருடம் ஐப்பசியில், அரியலூர்ப் பக்கம் ஆலத்தியூருக்குத் தெற்கே நல்லதம்பியின் பருத்திக்காட்டுக் கிணற்றுக்குள் கடல் வந்தது. அதிகமில்லை, ஒரு கிணறு கொள்ளுமளவுதான். காலையில் ஏறி, மத்தியானம் இறங்கி, சாயங்காலம் மறுபடி ஏறியது. நல்லதம்பி மோட்டாரைப் போட்டபோது உப்புத் தண்ணீரோடு இரண்டு மத்தி மீன்களும் வாய்க்காலில் விழுந்து துள்ளின. அவர் சம்சாரம் சம்பூர்ணம் அவற்றைக் குழம்பு வைத்தாள். புளி கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல எதுவுமில்லை.

காரணம் தெரிய வெகுநாள் ஆகவில்லை. வெண்சங்குத் தீவு என்று ஒன்று முற்காலத்தில் இருந்ததாகவும், அதைக் கடல் கொண்டுபோனதாகவும் மாலுமிகள் பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். அது எங்கே போனது என்பதில் இரண்டு நிலவியல்காரர்களுக்குள் வழக்கு. இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள், ஆகவே பங்காளிக் காய்ச்சலுக்குக் கேட்கவேண்டியதில்லை. தீவு தெற்குக் கடலின் அடியில் கிடக்கிறது என்றார் ரிட்டையரான வெள்ளைச்சாமி. வரதராஜன்பேட்டையில் பிறந்து திருச்சி காலேஜில் பாடம் நடத்திய டோமினிக், தீவு மூழ்கவேயில்லை, கடல்தான் அதை விட்டுவிட்டு விலகிப் போனது, அது நல்லதம்பியின் காட்டில்தான் நிற்கிறது என்றார். உழும்போதெல்லாம் நத்தைபோல் சுருண்ட கற்கள் அங்கே கிளம்புவதைச் சாட்சிக்கு வைத்தார். அவர் கட்டுரை பேப்பரில் வந்த அன்றுதான் கிணற்றில் அலையடித்தது.

பருத்தி கருகியதைக்கூட நல்லதம்பி பொறுத்துக்கொண்டிருப்பார். மகள் மலர்க்கொடிக்குக் கல்லங்குறிச்சியில் மாப்பிள்ளை பார்த்துப் பூ வைத்தாகியிருந்தது. பையன் பாலாஜி, தங்கமான பிள்ளை. சேதி கேட்டு அவன் அம்மா ஆண்டாயி நேரில் வந்தாள், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. ஒரு தடவ முங்குன தீவு மறுதடவ முங்காதுன்னு யாரு எழுதிக் குடுப்பா? எம்புள்ளைய மாமனார் வூட்டுக்குத் தோணியிலயா அனுப்பறது? தண்ணி நல்ல தண்ணியாவட்டும், அப்பறம் பாப்போம்."

மலர்க்கொடி அழவில்லை. "அந்த வூட்டத் தவிர வேற எங்கயும் நான் போமாட்டேம்ப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போனாள். அவள் அழுதிருந்தால் நல்லதம்பிக்கு அத்தனை வலித்திருக்காது.

ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. டவுன் பஸ்காரர் தண்ணீர் ஏறும் நேரமென்று முக்கூட்டிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினார். பனைமரத்தில் நண்டு ஏறியது. நல்லதம்பி திருச்சிக்குப் போய், "சார், அந்தத் தீவக் கொஞ்சம் கெழக்கால தள்ளி வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். டோமினிக் சிரித்தார். "நான் வெக்கலீங்க. அது அங்கதான் இருக்கு."

ஆனால் நல்லதம்பி ஒன்றைக் கவனித்திருந்தார். வெள்ளைச்சாமி பேப்பரில் மறுத்து எழுதிய வாரமெல்லாம் கடல் ஒரு முழம் இறங்கியது. டோமினிக் பதில் எழுதினால் மறுபடி ஏறியது. இது விஞ்ஞானமும் இல்லை, வெங்காயமும் இல்லை, சாதாரண வரப்புத் தகராறு என்று அவருக்குப் பட்டது. அவர் ஊரில் வரப்புத் தகராறுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு தரப்பும் தகராறுள்ள இடத்திலேயே உட்காரவேண்டும், பேசி முடியும்வரை யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அந்த முறைப்படி எத்தனையோ பங்காளிகள் பொழுது சாய்வதற்குள் வழிக்கு வந்திருக்கிறார்கள்.

நல்லதம்பி சொல்லியனுப்ப, சித்திரை வெயிலில், ஆளுக்கொரு காரில் இருவரும் வந்து இறங்கினார்கள். மற்றவர் தோற்பதைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். நல்லதம்பி முறையைச் சொல்லி, கையிலிருந்த பாட்டில்களை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். "சங்கும் நத்தையும் கெடச்சா அது கடலோட அடியய்யா, தீவு எப்படி ஆகும்?" என்று வெள்ளைச்சாமி மடக்கினார். டோமினிக் கல்லடுக்கு, மண்ணடுக்கு என்று காலந்தோறும் இறங்கிப் பதில் சொன்னார். உச்சிப்பொழுதில் இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மோர்ப்பானையோடு சம்பூர்ணம் வந்து, யாருக்கும் ஊற்றாமல், சும்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டோமினிக் கையை நீட்டி, வடக்கே சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிட்ட குழியைக் காட்டினார்.

"சரி, கரை அதோ அந்தக் குழியில இருந்துருக்கலாம்."

"குழி வரைக்கும் கடல் வந்துருக்கலாம். அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் வெள்ளைச்சாமி.

தீவு எங்கே என்பதை அவரவர் வீட்டோடு வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. சம்பூர்ணம் மோரை ஊற்றினாள். அவர்கள் இரண்டாவது சொம்பு குடிக்கும்போதே கிணற்றில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கடல் தரையடியில் நடந்து போய்க் குழியில் ஏறிக்கொண்டது. பிற்பாடு அரியலூர் தனி மாவட்டமாகி, பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. எந்த ஆபீசிலும் அந்தக் கடலை எந்த மாவட்டத்தில் சேர்ப்பதென்று கேள்வி எழவில்லை. ஆட்டுக்காரர்கள் மட்டும் குட்டிகளைக் கரையோரம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மறுவாரம் ஆண்டாயி வந்து கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு முழுசாகக் குடித்தாள். "வைகாசியிலயே வெச்சுக்கலாம் சம்பந்தி," என்றாள். நல்லதம்பி வரப்பில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பெண் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். சந்தோஷத்தில்தான். மலர்க்கொடி பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கல்லங்குறிச்சிக்குக் கார் ஏறிய பிறகு, நல்லதம்பி வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்தார். வடக்கே குழியில் அலை ஏறும் சத்தம் கேட்டது. அடிச்சுக்கிட்டுப் போகட்டும் என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார்.