மாறாமல் இருப்பதற்குச் சொன்ன காரணங்கள்

கிரிப்டோ காயின் வாங்கி விற்க ஆயிரம் இடம் இருக்க, ஏன் அந்த ஒரே எக்ஸ்சேஞ்சைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டால், பல் செட் செய்கிறவர் மூன்று காரணங்கள் சொல்வார். கமிஷன் குறைவு. ஆப் குழப்பாது. இடம் மாறிக்கொண்டே இருக்கிறவன் உருப்பட்டதை அவர் பார்த்ததில்லை.

நாலாவது காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பத்து மாதத்துக்கு முன் ஒரு காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் தானாக வழிந்தது. முகத்தின் இடப்பக்கம் செத்துப்போயிருந்தது. மருந்தில், மூடாமல் நின்ற இடக் கண் மறுபடி மூடத் தொடங்கியது. உதடு மட்டும் பழையபடி திரும்பவில்லை. அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து பணத்தை வங்கிக்கு எடுக்க, போன் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், கடைசியாகச் சிரிக்க வேண்டும். அவர் சிரித்தார். 'தெளிவாகச் சிரிக்கவும்' என்றது ஆப்.

உள்ளே இருந்தது மகளின் படிப்புக்கான மொத்தச் சேமிப்பு. கல்லூரி திறக்க நாலு மாதம் இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினார். பொறுமைக்கு நன்றி சொல்லி, மறுபடி சிரிக்கச் சொல்லிப் பதில் வந்தது.

மனைவியின் தம்பி பார்சல் வேன் ஓட்டுகிறவன். ஒருநாள் பட்டறைக்கு வந்து, மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"உங்க கம்பெனி ஆட்டம் கண்டிருக்குன்னு பேசிக்கிறாங்க மாமா. அவனவன் எடுத்துட்டு ஓடுறான்."

"ஓடுறவனுக்கெல்லாம் நாமளும் துணைக்குப் போகணுமா மாப்ள?"

"வாய்தான் கோணிச்சு. வாய்க்கொழுப்பு அப்படியே இருக்கு."

அவர் மூன்று காரணங்களையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கையாக இருந்தது. மச்சினன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

அடுத்த வாரம், மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வாயையே அளவெடுத்தார். இடக் கன்னத்துக்குள் அடங்குகிற மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு திண்டு வார்த்தார். அதிலிருந்து ஒரு கம்பியை வளைத்து, உதட்டோரத்தை உள்ளிருந்து தூக்கிப் பிடிக்க வைத்தார். இரண்டு நாள் தேய்த்து மெருகேற்றினார். இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு நுணுக்கமாக எதையும் செய்ததில்லை. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

ஆப் சிரிப்பை ஏற்றுக்கொண்டது. பச்சை டிக் விழுந்தது. அடுத்த வரி வந்தது: 'முகம் பதிவிலுள்ள படத்துடன் பொருந்தவில்லை.' இன்னும் இரண்டு முறை முயன்றார். மூன்றாவதற்குப் பிறகு, முப்பது நாள் கழித்து வரச் சொல்லிவிட்டது.

பதினோராவது நாள் மச்சினன் வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி.

"நானும் உங்க எக்ஸ்சேஞ்சுக்கே வந்துட்டேன் மாமா."

"எதை வச்சு?"

"வீடு வாங்க அட்வான்ஸ் குடுக்க வச்சிருந்ததுதான். அடுத்த மாசம்தானே குடுக்கணும், சும்மாதானே கிடக்கு. ஒரு பல்லுக்கு அரை நாள் ராவுற மனுஷன், காசைக் கண்ணை மூடிட்டா போட்டிருப்பார்னு நினைச்சேன்."

"எடு."

"என்ன மாமா?"

"எடுடா. இப்பவே. என் கண் முன்னால எடு."

அவர் அவனை டா போட்டுப் பேசியதில்லை. அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். சிமிட்டினான், திரும்பினான், சிரித்தான். அவ்வளவுதான் அவனுக்கு. பச்சை டிக் விழுந்தது. முகமும் பொருந்தியது. பிறகு வந்தது: 'பணம் எடுக்கும் வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.'

மச்சினன் போனை அவர் பக்கம் திருப்பினான், உடைந்த செட்டைக் காட்டுகிறவர்களைப் போல.

"நீங்க எடுத்துட்டீங்களா மாமா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"பைசா எடுக்கலை."

அவன் மூச்சு விட்டான். "அப்போ சரி. ஏதோ விஷயம் இல்லாமலா நீங்க விட்டு வச்சிருப்பீங்க."

இப்போது சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இல்லை என்பது தெரிந்தது.

"ரெண்டு நாள்ல திறந்துடுவாங்க மாப்ள," என்றார். "இவங்க இப்படித்தான், அப்பப்போ எதையாவது சரிபார்ப்பாங்க."

மச்சினன் தலையாட்டினான். வேன் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றான்.

"வீட்டுல இன்னும் சொல்லலை. அட்வான்ஸை எப்போ குடுக்கப்போறீங்கன்னு தினமும் கேட்கிறா. என்னன்னு சொல்றது?"

அவர் யோசித்தார். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பத்திரத்துல ஒரு பேர் தப்பா இருக்கு, விக்கிறவங்க திருத்திட்டுத் தரேன்னாங்கன்னு சொல்லு."

மச்சினன் அதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே படி இறங்கினான்.