ஒரே ஒரு காப்பி

காரைக்குடியில் 1996இல் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த ஆன் மேரியிடம், ஓய்வுபெற்ற ஆசிரியர் சவரிநாதன் தன் மனைவி ஞானப்பூவின் முதலாண்டு நினைவு அட்டை அடிக்க வந்தார்.

“கீழே யார் யார் பேரு போடணும் சார்?”

“என் பேரு மட்டுந்தாம்மா. வேற யாருமில்ல.”

ஒற்றைப் பெயருக்குக் கீழே வெற்றிடமாகக் கிடந்தது. ஆன் மேரி மவுசை நகர்த்தி அவர் பெயரைப் பெரிதாக்கினாள்.

“எழுத்தை நினைச்ச அளவுக்கு மாத்தலாமா?” திரையருகே குனிந்தார்.

“எம்புட்டுப் பெருசாவும் ஆக்கலாம் சார்.”

“அப்ப என் பேரைச் சின்னதாக்கி, ஞானப்பூ பேரை நடுவுல பெருசா வையிம்மா.”

வைத்தாள். அவர் அதை வாய்விட்டு வாசித்தார். வீட்டில் ஒரு வருடமாக அவர் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

“எத்தனை காப்பி கேக்கீக சார்?”

“குடுக்க ஆளில்லம்மா. ஒண்ணு போதும்.”

பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளை மடிக்க மனம் வராமல், இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெயிலில் நடந்தார்.