பன்னிரண்டு மணிச் செய்தி

லாரிக்காரருக்குக் கொடுத்திருந்த நேரம் பதினொன்று. மனிதர் பத்தே காலுக்கே சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் இன்ஜின் இரைச்சலோடு குடித்தனம் நடத்தியதில் இரண்டு காதும் போச்சு. அரைகுறையாகக் கேட்கவைத்த பழைய காதுக் கருவியும் போன மாதம் மண்டையைப் போட்டது. புதுக் கருவிகள் டப்பாவில் தயாராக இருந்தன, ஆனால் அவருடைய காதுக்கு எவ்வளவு ஒலி வேண்டும் என்று கணினியில் அமைத்து ஏற்றினால்தான் அவை வேலை செய்யும். அதுவரை வெறும் பிளாஸ்டிக்.

பன்னிரண்டு மணிக்கு அவருடைய ஒரே மகள் வானொலியில் முதல்முறையாகச் செய்தி வாசிக்கப் போகிறாள். நேரலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“பதிவு பண்ணி அப்புறமா கேக்கலாமே?” என்று காதுக்காரம்மா தாளில் எழுதிக் காட்டினாள். காது பரிசோதனை நிலையத்தை நடத்துகிற அவளைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

“அது ஆறின சோறும்மா. அவ படிக்கிறப்பவே கேக்கணும்.”

சரிதான் என்று அவள் கணினியில் கருவி அமைக்கும் மென்பொருளைத் திறந்தாள். திரையில் அதன் சன்னல் எட்டிப் பார்த்தது, உடனே மறைந்தது. மறுபடி திறந்தாள். மறுபடி மறைந்தது. மூன்றாவது தடவை ‘எதிர்பாராத பிழை’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அவள் வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பினாள்.

“நேத்து சாயங்காலம் நல்லா ஓடிச்சு. நீ காலைல என்ன பண்ணே?”

வரவேற்பு மேசையில் இருந்த கொழுந்தன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி.”

கணினியைத் தொட்ட எவன்தான் வேறு பதில் சொல்லியிருக்கிறான்? காதுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் நிமிரும்வரை நின்றாள். அவன் விழித்த விழியிலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதி தானாக வந்தது.

முன்பதிவுக்கென்று புது மென்பொருள் ஒன்றைக் காலையில் போட்டிருக்கிறான். எந்த மென்பொருளும் தானே ஓடாது, அடியில் தாங்கிப்பிடிக்க ரன்டைம் என்று ஒன்று வேண்டும். புதியது புது ரன்டைம் கேட்டது, போட்டான். அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு, எண் மட்டும் வேறு என்று பார்த்திருக்கிறான். அவனுக்கு எதுவும் இரட்டையாக இருக்கக் கூடாது. வீட்டில் புதுக் கரண்டி வந்த அன்றே பழைய கரண்டியைத் தூக்கிப் போட்டவன் அல்லவா?

“புதுசு இருக்கு, பழசு எதுக்குன்னு எடுத்துட்டேன் அண்ணி. பழசோட வேலையையும் அதுவே பாத்துக்கும்னு நெனச்சேன்.”

“நீ நெனச்சது போதும். நகரு.”

சொன்னாளே தவிர, அவசரத்தில் அவளும் சறுக்கினாள். வில்லங்கம் புது ரன்டைமால்தானே வந்தது என்று அதைப் பிடுங்கிப் போட்டாள். இப்போது முன்பதிவும் படுத்துக்கொண்டது. உள்ளதும் போச்சு. மணி பதினொன்று இருபது. லாரிக்காரர் அவர்கள் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். அவள் மூச்சை இழுத்து விட்டு, கணினி தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அவள் முதலில் திறந்ததிலிருந்து ஒரே புலம்பல்: மூன்றாம் பதிப்பு ரன்டைம் வேண்டும், காணவில்லை. புதியது கருவி மென்பொருளைக் கெடுக்கவே இல்லை, பழையது இல்லாததுதான் கேடு. இரண்டும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்துவிட்டுப் போகும்.

“மூணாம் பதிப்பையும் போடு, புதுசையும் போடு. தயாரிச்சவங்க தளத்துலேருந்து மட்டும் எடு. கண்ட இடத்துல கை வைக்காத.”

கொழுந்தனுக்கும் இப்போது சூடு பிடித்துவிட்டது. விரல்கள் பறந்தன. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு இரண்டும் ஏறின. மென்பொருள் திறந்தது, மறையாமல் நின்றது. அவன் மேசையைத் தட்டினான். ஆனால் டப்பாவில் இருந்த கருவிகளை அது கண்டுகொள்ளவே இல்லை.

“ரீஸ்டார்ட் கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு. நேரமில்லையேன்னு அப்புறம்னு போட்டேன்.”

அவள் ரீஸ்டார்ட்டை அமுக்கினாள். திரையில் முப்பது சதவீதம் என்று வந்தது. முப்பத்தொன்று. காதுக்காரம்மா திரையைத் திட்டினாள், கொழுந்தன் கெஞ்சினான். திரை இருவரையும் மதிக்கவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத்தான் கணினி எழுந்தது. மென்பொருளைத் திறந்தாள். இடது காதுக் கருவி, வலது காதுக் கருவி, இரண்டுமே பச்சை.

“வந்துடுச்சு அண்ணி, வந்துடுச்சு.”

ஏற்றி முடித்து அவர் காதுகளில் மாட்டும்போது மணி பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம். லாரிக்காரர் திடுக்கிட்டு மேலே பார்த்தார்.

“அது என்ன சத்தம்?”

“ஃபேன்தான் ஐயா.” அவள் சிரித்துக்கொண்டே வானொலியை வைத்தாள்.

ஒரு பெண் குரல் செய்தி வாசிக்கத் தொடங்கியது. மெல்லிய குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நிதானம். லாரிக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

“இது வேற யாரோம்மா.”

“உங்க மக பேரத்தானே இப்பச் சொன்னாங்க?”

“இல்லம்மா. எம் பொண்ணு எப்பவும் கத்தித்தான் பேசுவா. கோவக்காரின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு ஏது இவ்வளவு…”

பாதியில் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். செய்தி முடியும்வரை அவர் நிமிரவே இல்லை. கொழுந்தன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

இரண்டு நிமிஷத்தில் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

“அப்பா, கேட்டீங்களா?” மகள் போட்ட சத்தம் வரவேற்பு மேசைவரைக்கும் வந்தது.

“மெதுவாப் பேசும்மா,” என்றார் லாரிக்காரர். “எனக்குக் கேக்குது.”